அயுத்தயாவில் வெள்ளம், மதுரையில் விலை

கேள்வி:

மதுரையில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கம்ப்யூட்டர் விற்பனை, ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். 2011 தீபாவளியை என்னால் மறக்கவே முடியாது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு முப்பது கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுப்பதாகக் கொட்டேஷன் போட்டு, முன்பணமும் வாங்கியிருந்தேன். ஹார்டு டிஸ்க் எடுக்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போன் போட்டால், இரண்டாயிரத்துக்குள் வாங்கிக்கொண்டிருந்த சரக்குக்கு நாலாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். "தாய்லாந்துல வெள்ளம்ணே, சரக்கே வரல" என்றார்கள். ஒருவேளை ஏமாற்றுகிறார்களோ என்று இன்னும் மூன்று கடைகளில் கேட்டேன். நாலு பேரும் ஒரே பதில். சொன்ன விலையை மாற்ற மனம் வராமல், கைக்காசைப் போட்டுத்தான் அந்த ஆர்டரை முடித்துக் கொடுத்தேன்.

இப்போது என் மகன் வெளிநாட்டிலிருந்து நேரடியாகச் சரக்கு இறக்கலாம் என்கிறான். எனக்குப் பழைய பயம் விடவில்லை. மூன்று சந்தேகங்கள்:

1. எங்கோ வெள்ளம் வந்தால் இங்கே ஏன் விலை ஏற வேண்டும்? வெள்ளத்துக்கு முன்பே வாங்கி அடுக்கிய சரக்குக்கும் சேர்த்து ஏற்றினார்களே, அது நியாயமா?

2. இப்படி ஒரு பேரிடர் வந்தால், நாடுகளுக்கு இடையிலான வியாபாரத்தில் யாருக்கு நட்டம், யாருக்கு லாபம்? கைவிட்டுப் போன வியாபாரம் திரும்பி வருமா?

3. என் மகன் எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

— ஒரு வாசகர், மதுரை

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

"நாலு பேரும் ஒரே பதில்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் உயிரான வரி அதுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த வெள்ளத்தைப் பார்த்துவிடுவோம்.

முதல் சந்தேகம்: விலை ஏன் ஏறியது?

2011 ஜூலைக் கடைசியில் தாய்லாந்தின் வடக்கே பிடித்த மழை, மாதக்கணக்கில் விடவில்லை. சாவ் பிரயா ஆறு நிரம்பி, அக்டோபரில் தண்ணீர் அயுத்தயாவுக்கும் அதற்குத் தெற்கே பதும்தானிக்கும் வந்து சேர்ந்தது. நம் அயோத்தியின் பெயரைத் தாங்கிய பழைய தலைநகரம் அயுத்தயா. அதைச் சுற்றியிருப்பது ஆற்றுச் சமவெளி. காலங்காலமாக நெல் விளைந்த தாழ்வான பூமி. 1985-க்குப் பிறகு ஜப்பானின் யென் மதிப்பு ஏற ஏற, உள்நாட்டில் உற்பத்தி கட்டுப்படியாகாத ஜப்பானிய நிறுவனங்கள் தென்கிழக்கு ஆசியாவுக்கு நகர்ந்தன. தாய்லாந்து அரசு வரிச்சலுகை கொடுத்து அழைத்தது. நெல் விளைந்த தாழ்வு நிலத்தில் தொழிற்பேட்டைகள் எழுந்தன. அந்த அக்டோபரில் ஏழு பெரிய தொழிற்பேட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சேதமும் இழப்பும் சேர்த்துச் சுமார் 4,600 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு தொழிற்சாலைகளுடையது.

அப்போது உலகத்தில் விற்ற ஹார்டு டிஸ்க்குகளில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் தாய்லாந்தில் தயாரானவை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பெரிய தொழிற்சாலை, அயுத்தயாவை ஒட்டிய பாங் பா-இன் என்ற ஊரில் இருந்தது. அதற்குள் தண்ணீர் புகுந்து நின்றது. முக்குளிப்பவர்களை இறக்கித்தான் இயந்திரங்களை வெளியே எடுத்தார்கள். செப்டம்பரோடு முடிந்த காலாண்டில் 5.78 கோடி டிஸ்க்குகள் அனுப்பிய நிறுவனம், டிசம்பரோடு முடிந்த காலாண்டில் அனுப்பியது 2.85 கோடி.

அதன் போட்டியாளரான சீகேட்டின் தொழிற்சாலைகளுக்குள் தண்ணீர் போகவில்லை. ஆனாலும் அவர்களாலும் முழு வேகத்தில் தயாரிக்க முடியவில்லை. டிஸ்க்கைச் சுழற்றும் சிறு மோட்டாரும் மற்ற உதிரிகளும் செய்துகொடுத்தவர்கள் அதே வட்டாரத்தில் மூழ்கிக் கிடந்தார்கள். மாவு இடித்து வைத்திருந்தாலும் வெல்லம் இல்லாத வீட்டில் கொழுக்கட்டை எப்படி வேகும்?

உதிரி செய்பவர், அதைப் பூட்டுபவர், பெட்டியில் போட்டுக் கப்பலேற்றுபவர் எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால்தான் அந்த டிஸ்க் இரண்டாயிரம் ரூபாய்க்குள் உங்கள் கைக்கு வந்தது. அந்த நெருக்கமே எல்லாரையும் ஒரே வெள்ளத்தில் மூழ்கடித்தது. மலிவுக்கும் ஆபத்துக்கும் வேர் ஒன்றுதான்.

சரி, ஏற்கெனவே கடையில் அடுக்கியிருந்த சரக்குக்கு ஏன் விலை ஏற்றினார்கள்? உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் வியாபாரி தான் வாங்கிய விலையைப் பார்த்து விற்பதில்லை. இதை விற்றுவிட்டு அடுத்ததை என்ன விலைக்கு வாங்கி அடுக்கப்போகிறோம் என்று பார்த்துத்தான் விற்கிறார். ஊருக்குள் தக்காளி லாரி வராது என்று தெரிந்த நிமிடமே கூடையில் இருக்கும் தக்காளிக்கு விலை ஏறுகிறது அல்லவா? அதே கணக்கு. அந்தச் சாக்கில் பதுக்கலும் நடந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதுக்கியவர் ஒருவர்கூட இல்லாமல் போயிருந்தாலும் விலை ஏறியேதான் இருக்கும்.

இரண்டாவது சந்தேகத்துக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வி. பெரிய பேரிடர் வந்தால் வணிகத்துக்குப் பெரிய அடி, சின்னது வந்தால் சின்ன அடி என்று நினைக்கிறோம். அப்படித்தானா?

2010 ஜனவரியில் ஹைட்டி நாட்டை நிலநடுக்கம் நொறுக்கியது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நம் காலத்தின் மிகக் கொடிய பேரிடர்களில் அது ஒன்று. உலகச் சந்தையில் சொல்லும்படியாக எந்தப் பொருளின் விலையும் அசையவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு, மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலம் நடுங்கிச் சுனாமி வந்தது. ஃபுகுஷிமா மாவட்டத்தின் ஒனஹாமாவில் மெர்க் என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. கார் பெயின்டுக்கு மினுமினுப்புத் தரும் ஸிராலிக் என்ற பொடியை அங்கே செய்தார்கள். உலகத்திலேயே அந்தப் பொடி செய்த இடம் அது ஒன்றுதான். அது நின்றது. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் ஒரு வகைக் கறுப்பு நிறத்தில் வண்டிக்கு ஆர்டர் வாங்க வேண்டாம் என்று தன் விற்பனையாளர்களுக்குச் சொல்லவேண்டி வந்தது. இன்ஜின் இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, பூச மினுக்குப் பொடி இல்லை.

மனிதர்களின் துயரத்தை அளக்கும் கோலால் வணிகத்தின் அடியை அளக்க முடியாது. சந்தைக்கு மனசாட்சி கிடையாது. அது ஒன்றே ஒன்றைத்தான் கேட்கும்: "இது வேறு எங்கே கிடைக்கும்?" கிடைக்கும் என்றால் ஓர் ஊரே அழிந்தாலும் சந்தை வேறு ஊருக்குப் போய்விடும். கிடைக்காது என்றால் ஒரு பட்டறையில் தண்ணீர் புகுந்தாலும் அலறும். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு சந்தேகங்களுக்கும் இதுதான் சாவி.

இரண்டாவது சந்தேகம்: யாருக்கு நட்டம், யாருக்கு லாபம்?

முதலில், வெள்ளத்தில் மூழ்கியவர் லாபம் பார்த்த கதை. வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குத் தொழிற்சாலைச் சேதம் பெரிது. ஆனால் சரக்குத் தட்டுப்பாட்டில் டிஸ்க்கின் விலை ஏறியதால், 2012 மார்ச்சோடு முடிந்த காலாண்டில் அதன் லாபம் முந்தைய ஆண்டைவிட மூன்று மடங்குக்கும் மேல். அனுப்பிய டிஸ்க்குகள் முந்தைய அளவை இன்னும் எட்டவில்லை; ஆனால் ஒவ்வொன்றும் கூடுதல் விலைக்குப் போனது. அவர்கள் சேதத்தின் ஒரு பகுதியை மதுரையில் நீங்கள் கட்டினீர்கள். அவர்களிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் போக வேறு இடம் இல்லாததால்தான் இது நடந்தது.

போக வேறு இடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோபே துறைமுகம் சாட்சி. 1995 ஜனவரி 17 விடிகாலையில் நிலநடுக்கம். அதற்கு முன் கன்டெய்னர் கையாளுவதில் உலகின் முதல் பத்துத் துறைமுகங்களுக்குள் இருந்தது கோபே. நம் தூத்துக்குடிப் பெட்டிகளில் பல கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுவதுபோல, சுற்றியிருந்த நாடுகளின் பெட்டிகள் கோபேயில் கப்பல் மாறிக்கொண்டிருந்தன. கரை உடைந்ததும் கப்பல் கம்பெனிகள் அந்தப் பெட்டிகளைத் தென்கொரியாவின் பூசானுக்கும் தைவானின் காவ்சியுங்குக்கும் திருப்பின. இரண்டே ஆண்டில், 1997-ல், கோபேயைப் புத்தம்புதிதாகக் கட்டி முடித்துவிட்டார்கள். ஜப்பானியச் சரக்கு திரும்பியது. கப்பல் மாற வந்த வெளிநாட்டுச் சரக்கு பழையபடி திரும்பவில்லை. பூசான் மலிவாகவும் இருந்தது, பழகியும் போய்விட்டது. கோபேயின் சரிவு முன்பே மெல்லத் தொடங்கியிருந்ததையும் சொல்லவேண்டும். பத்து வருடத்தில் நடந்திருக்கக்கூடியதை இருபது வினாடி நடுக்கம் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தது.

தேநீர்க்கடையை ஒரு மாதம் பூட்டிவைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போவார். திறந்த பிறகு பாதிப்பேர் திரும்புவார்கள். மீதிப்பேருக்கு எதிர்க்கடை டீயே பிடித்துப்போயிருக்கும். நாடுகளுக்கும் இதேதான். ஆக, போன வியாபாரம் திரும்புமா என்றால், இரண்டைப் பார்க்கவேண்டும்: எத்தனை நாள் கடை பூட்டிக் கிடந்தது, எதிர்க்கடை இருந்ததா.

எத்தனை நாள் என்பதை அந்தப் பொருளின் சுபாவம் முடிவு செய்கிறது. ஜப்பானில் ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா தொழிற்சாலை, கார்களுக்கான சிறு மின்னணுச் சில்லுகளைச் செய்துவந்தது. 2011 நடுக்கத்தில் அது முடங்கியதும், அதை நம்பியிருந்த கார் கம்பெனிகள் தங்கள் ஆட்களையே அனுப்பின. ஒரு கட்டத்தில் தினம் 2,500 பேர்வரை வந்து வேலை செய்தார்கள். செப்டம்பரில்தான் திறக்கும் என்று எதிர்பார்த்த தொழிற்சாலை ஜூன் முதல் தேதியே ஓடத் தொடங்கியது. ஆள் பலமும் பணமும் இருந்தால் இயந்திரத்தை விரட்டலாம்.

மரத்தை விரட்ட முடியுமா? கரீபியன் கடலில் கிரெனடா என்று ஒரு குட்டித் தீவு நாடு. மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாக உலகத்துக்கு ஜாதிக்காய் கொடுத்த நாடு அது. தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. 2004 செப்டம்பரில் ஐவன் என்ற சூறாவளி அந்தத் தீவை அடித்துப் போட்டது. சேதம், நாட்டின் ஓராண்டு வருமானத்தைப்போல இரண்டு மடங்கு. ஜாதி மரங்களில் பெரும்பாலானவை வேரோடு சாய்ந்தன. புதுக் கன்று நட்டால் காய்க்கவே ஏழெட்டு ஆண்டு ஆகும். அத்தனை ஆண்டு எந்த மசாலா வியாபாரி காத்திருப்பார்? வாங்கியவர்கள் இந்தோனேசியாவுக்குப் போனார்கள். கிரெனடா தன் பழைய இடத்தைப் பிடிக்கவில்லை. தாய்லாந்து அடுத்த ஆண்டே எழுந்து நின்றது. அதற்கு ஹார்டு டிஸ்க் போனால் அரிசி, அரிசி போனால் ரப்பர், கார், சுற்றுலா என்று கைநிறையத் தொழில் இருந்தது. ஒற்றைப் பயிரை நம்பிய சின்ன நாட்டுக்கு ஒரே இரவில் எல்லாம் போயிற்று. வீடு கட்ட மரமும் இரும்பும் வெளியிலிருந்து வாங்க வேண்டும். அதற்கான டாலரைச் சம்பாதித்த மரமோ தோட்டத்தில் சாய்ந்து கிடக்கிறது. பேரிடரில் ஏற்றுமதி படுப்பதும், அதே நேரத்தில் இறக்குமதி கூடுவதும் இப்படித்தான்.

பணக்கார நாடும் இதற்குத் தப்பவில்லை. 2011 சுனாமியில் நேர்ந்த ஃபுகுஷிமா அணுஉலை விபத்துக்குப் பின் ஜப்பான் தன் அணுமின் நிலையங்களை நிறுத்தி, எரிவாயுவைக் கப்பல் கப்பலாக வாங்கியது. ஏற்றுமதியில் பெயர்பெற்ற அந்த நாடு, 1980-க்குப் பிறகு முதல்முறையாக அந்த ஆண்டுதான் ஏற்றியதைவிட அதிகம் இறக்கியது.

லாபம் பார்க்கப் போய் நட்டப்பட்டவர்களும் உண்டு. நம் பக்கத்து மாநிலத்துக் கதை இது. வெனிலா விளைச்சலில் முதலிடம் மடகாஸ்கருக்கு. 2000 ஏப்ரலில் அங்கே புயல் அடித்தது. பிறகு விலை ஏறிக்கொண்டே போய், 2003 வாக்கில் பதப்படுத்திய வெனிலா கிலோ 400 டாலரைத் தாண்டியது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் விவசாயிகள் ஆவலோடு வெனிலாக் கொடி நட்டார்கள். கொடி காய்க்க மூன்று வருடம் ஆகும். உகாண்டாவிலும் இந்தோனேசியாவிலும் அதே கணக்கைப் போட்டு நட்டவர்கள் இருந்தார்கள். மடகாஸ்கரும் மறுபடி நட்டிருந்தது. எல்லாருடைய காயும் ஏறக்குறைய ஒன்றாகச் சந்தைக்கு வந்தபோது விலை பத்தில் ஒரு பங்குக்கு விழுந்தது. அடுத்தவன் வீட்டுப் புயலை நம்பிக் கொடி நடுகிறவர், தன் கொடி காய்ப்பதற்குள் அங்கே வானம் வெளுத்துவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

இதுவரை விளையும் இடத்தையும் செய்யும் இடத்தையும் பார்த்தோம். வழியும் அடைபடலாம். பனாமா கால்வாயில் கப்பலை ஏற்றி இறக்குவது, கதூன் ஏரியின் நல்ல தண்ணீர். ஒவ்வொரு கப்பல் கடக்கும்போதும் சுமார் 20 கோடி லிட்டர் தண்ணீர் கடலுக்குப் போகிறது. 2023-ல் எல் நினோவால் மழை பொய்த்தது. நாளொன்றுக்கு 36, 38 கப்பல்கள் போன இடத்தில் அந்த டிசம்பரில் 22 கப்பல்களுக்குத்தான் அனுமதி. வரிசையைத் தாண்டிப் போவதற்கான ஏலத்தில் ஒரு கப்பல் ஏறக்குறைய 40 லட்சம் டாலர் கட்டியது. அது வழக்கமான கட்டணத்துக்கு மேல்! எந்தத் தொழிற்சாலையும் இடியவில்லை, எந்தக் கரையும் உடையவில்லை. ஏரியில் சில அடி தண்ணீர் குறைந்தது, அவ்வளவுதான்.

இயற்கையின் அடிக்குப் பின்னால் அரசாங்கத்தின் அடியும் வரும். சில சமயம் அதுதான் பலமானது. 2010 கோடையில் ரஷ்யாவில் வறட்சி, காட்டுத் தீ. கோதுமை கருகியது. ஆகஸ்ட் 15 முதல் தானிய ஏற்றுமதிக்கு ரஷ்யா தடை போட்டது. உலகச் சந்தையில் கோதுமை விலை எகிறியது. செப்டம்பர் தொடக்கத்தில், ஆப்பிரிக்காவின் மறுகோடியில் மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் ரொட்டி விலை உயர்வை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ரஷ்யாவை மட்டும் சொல்வானேன்? 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. உள்நாட்டில் விலை ஏறியிருந்தது, எல் நினோவால் மழை குறையுமோ என்ற அச்சமும் இருந்தது. உலக அரிசி ஏற்றுமதியில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் நம்முடையது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் கடைக்கு ஓடி, மூட்டை மூட்டையாக அரிசி தூக்கிய காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரியும் வந்தது. 2011-ல் நீங்கள் நின்ற இடத்தில், அன்று வெளிநாட்டு அரிசிக் கடைக்காரர் நின்றார். விலை ஏற்றிய கை நம்முடையது.

மூன்றாவது சந்தேகம்: மகனுக்கு என்ன சொல்வது?

இறக்குமதி செய்ய வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நான்கு விஷயங்களை மட்டும் காதில் போடுங்கள்.

ஒன்று, சொல்லும் விலைக்குக் கெடு வையுங்கள். அன்று உங்களை வெள்ளம் பாதி சாய்த்தது. மீதியைச் சாய்த்தது தேதி போடாத கொட்டேஷன். "இந்த விலை பத்து நாளுக்கு மட்டும்" என்ற ஒரு வரி இருந்திருந்தால், பள்ளி நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேச இடம் கிடைத்திருக்கும். முன்பணம் வாங்கிய அன்றே சரக்கையும் வாங்கி வைத்திருந்தால் பேச்சுக்கே வேலை இல்லை.

இரண்டு, "வெள்ளம் வந்தால் ஒப்பந்தம் தானாக ரத்தாகிவிடும்" என்று நம்பாதீர்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 56-ஆம் பிரிவில், செய்யவே முடியாமல் போன காரியத்துக்குத்தான் விடுதலை தருகிறது. செலவு கூடிப்போனது காரணமாகாது. இந்தோனேசிய நிலக்கரி விலை ஏறிவிட்டது, ஒப்புக்கொண்ட கட்டணத்தில் மின்சாரம் தர முடியாது என்று மின் நிறுவனங்கள் வாதாடியபோது, கட்டுப்படியாகாததும் முடியாததும் ஒன்றாகாது என்ற நிலையைத்தான் உச்ச நீதிமன்றம் 2017-ல் எடுத்தது. ஆகவே எந்தெந்தப் பேரிடர், எத்தனை நாள் தாமதம்வரை பொறுப்பது, அதற்குமேல் முன்பணம் திரும்ப வருமா என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் வாங்குங்கள்.

மூன்று, காப்பீடு. புதிதாக இறங்குகிறவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் இது. விற்பவர் சி.ஐ.எஃப். விலை சொல்வார், சரக்கின் விலை, இன்சூரன்ஸ், கப்பல் கூலி மூன்றும் அதில் அடக்கம். "அவரே இன்சூரன்ஸ் போடுகிறார், சரக்கு நம் துறைமுகம் வரும்வரை அவர் பாடு" என்று நாம் நிம்மதியாகிவிடுவோம். அது சரியில்லை. சரக்கு அங்கே கப்பலில் ஏறிய நிமிடமே ஆபத்து உங்கள் தலைக்கு மாறிவிடுகிறது. வேறு பேச்சு இல்லாவிட்டால் அவர் எடுக்கவேண்டியது மிகக் குறைந்த பாதுகாப்பு மட்டுமே. அதற்கு 'சி' பிரிவு என்று பெயர். அதில் நிலநடுக்கம், எரிமலை கிடையாது. கன்டெய்னருக்குள்ளோ கிடங்குக்குள்ளோ ஆற்று நீரும் கடல் நீரும் புகுந்தால் அதுவும் கிடையாது. 'பி' பிரிவில் இவை உண்டு. 'ஏ' பிரிவு இன்னும் அகலமானது. கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டினாலும், உங்கள் கிடங்கு வாசல்வரை செல்லும் 'ஏ' பிரிவையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இன்னொன்று: சரக்கு பத்திரமாக இருந்து, ஆனால் தாமதமாக வந்து, தீபாவளி வியாபாரம் போயிற்று என்றால் இந்த மூன்று பிரிவுமே காசு தராது. தாமதத்துக்கு மருந்து கிடங்கில் இருக்கும் கையிருப்புதான். பாலிசிக் காகிதத்தில் அது இல்லை.

நான்காவது, உங்கள் கடிதத்தின் அந்த வரி. நாலு கடையில் கேட்டீர்கள், நாலு பேரும் ஒரே பதில் சொன்னார்கள். அவர்கள் கூடிப் பேசி ஏமாற்றவில்லை. நாலு குழாய் இருந்தது, தொட்டி ஒன்று. நாலு பேர் தெரியும் என்பது உங்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றியிருக்கும். வாங்கும் கடை நாலாக இருந்தும், செய்யும் இடம் ஒன்றாகவே இருந்தது.

இந்தப் பாடத்தை உலகின் பெரிய கம்பெனிகளே அந்த 2011-ல்தான் படித்தன. தனக்குச் சரக்குக் கொடுப்பவர் யார் என்பது டொயோட்டாவுக்குத் தெரியும். அவருக்குக் கொடுப்பவர் யார், அவருக்கும் கொடுப்பவர் யார், அந்தப் பட்டறை எந்த ஊரில் என்பது முழுதாகத் தெரியவில்லை. சுனாமிக்குப் பிறகு அந்த வரைபடத்தை அடிவரை தயாரித்தார்கள். மாற்று கிடைக்கக் கஷ்டமான சில்லுகளை இரண்டு முதல் ஆறு மாதத்துக்குக் கையிருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். கையிருப்பே வேண்டாம், தேவைப்படும் நேரத்தில் வந்தால் போதும் என்ற முறையை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த கம்பெனி அது! 2021-ல் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது மற்றவர்கள் முன்னதாகவே தொழிற்சாலைகளை மூட, டொயோட்டா பல மாதம் தாக்குப்பிடித்தது.

அந்தப் பாடத்தைப் படிக்காதவர்களும் இருக்கிறார்கள். 2017-ல் மரியா சூறாவளி புவெர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது, அங்கே தயாரான சலைன் பைகள் கிடைக்காமல் அமெரிக்க மருத்துவமனைகள் திண்டாடின. அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தருவித்துச் சமாளித்தார்கள். ஏழு ஆண்டு கழித்து, 2024-ல் ஹெலீன் சூறாவளி வட கரோலினாவில் இன்னொரு தொழிற்சாலையை மூழ்கடித்தது. அமெரிக்காவின் நரம்புவழி மருந்து நீரில் ஏறக்குறைய அறுபது சதவீதம் அந்த ஒரே தொழிற்சாலையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. மறுபடியும் அதே திண்டாட்டம். இரண்டாவது இடத்தில் தொழிற்சாலை வைக்கப் பணம் செலவாகும். புயல் வராத வருடங்களில் அந்தச் செலவு வீண் செலவாகத்தான் தெரியும்.

டொயோட்டாவைப்போல உங்களால் வரைபடம் போட முடியாது. ஒரு நோட்டுப் போடலாம். கடையில் விற்கும் பொருள்களை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் சப்ளையர் பெயர் வேண்டாம். அந்தப் பொருள் எந்த நாட்டில், எந்த ஊரில் தயாராகிறது என்று எழுதட்டும். பெட்டியின் அடியில் நாடு அச்சிட்டிருக்கும். ஊரை இப்போது இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்கலாம். எந்த ஊர்ப் பெயர் அடிக்கடி வருகிறதோ, அதைச் சிவப்பு மையில் கோடிடட்டும். அந்த ஊர்ப் பொருள்களில் மட்டும் இரண்டு மாதச் சரக்குக் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். மற்றவற்றைத் தேவைக்கு வாங்கினால் போதும்.

2011-ல் அந்த நோட்டு உங்களிடம் இருந்திருந்தால், ஹார்டு டிஸ்க்குக்கு நேரே பாங் பா-இன் என்ற பெயர் இருந்திருக்கும். அக்டோபர் முதல் வாரச் செய்தியில் அயுத்தயா மூழ்குகிறது என்று படித்த அன்றே, ரிச்சி தெருவுக்குப் போன் போட்டு முப்பது டிஸ்க்கைப் பழைய விலைக்கே வாங்கியிருப்பீர்கள். தீபாவளிக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் இருந்தது.